எந்தத் துப்பாக்கி வாங்கறது?

அமெரிக்காவுல மான் வேட்டைக்குப் புதுசா போறவன் எந்த ரைஃபிள் வாங்கணும்னு யூடியூப்ல பாத்துட்டு, 'நீங்களும் ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே'ங்கறீங்க. இங்க மானைச் சுட்டா ஜெயில், 1972 சட்டம். சரிதான், மான்மேல எனக்குக் கோவமில்ல. மல்லாட்டையைத் தோண்டித் தின்றது காட்டுப்பன்னி.

பயிர்க் காவலுக்குன்னு 1959 ஆயுதச் சட்டம் சொல்றது குழல் வாயில மருந்து கெட்டிச்சுச் சுடற துப்பாக்கி. மறுபடி கெட்டிக்கறதுக்குள்ள பன்னி அடுத்த கொல்லைக்குப் போயிடும். அதாலயும் பன்னியை நானாச் சுடக்கூடாது. காட்டுலருந்து 3 கிலோமீட்டர் தாண்டினா வனத்துறை சுடும், 1 கிலோமீட்டருக்குள்ள கூடாதுன்னு 2025ல அரசு சொல்லிச்சு. பேரணாம்பட்டுல மலையடிவாரத்துக் கொல்லைக்காரன் என்ன பண்ணுவான்? பன்னி முதல்ல இறங்கறதே அங்கதான்! கேரளாவுல 2022லயே பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் குடுத்து, லைசென்ஸ் துப்பாக்கிக்காரங்களை வச்சுச் சுடறாங்க. நம்ம பஞ்சாயத்துக்கு ஏன் குடுக்கல?