கண்டன அறிக்கை: ஆணையம் மூடப்பட்டது, அதன் முடிவுகள் மட்டும் தொடர்கின்றன

நிராகரிக்கப்பட்ட அகதி விண்ணப்பங்களை மறுபரிசீலனை செய்துவந்த குடிவரவு மதிப்பீட்டு ஆணையத்தை ஆஸ்திரேலிய அரசு 2024 அக்டோபர் 14 அன்று மூடியது. அதில் நியாயமான விசாரணை நடக்கவில்லை என்பதை ஆளும் தொழிற்கட்சி, எதிர்க்கட்சியாக இருந்தபோதே தன் கொள்கை அறிக்கையில் எழுதியிருந்தது. ஆணையம் போய்விட்டது. அது நிராகரித்த ஆயிரக்கணக்கான அகதிகளின் வழக்குகள் மறுவிசாரணைக்கு எடுக்கப்படவில்லை. இதை எங்கள் தொழிற்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

2012 ஆகஸ்ட் 13க்கும் 2014 ஜனவரி 1க்கும் இடையே படகில் வந்தவர்களுக்கென்று தனிச் சட்டம் 2014 டிசம்பரில் இயற்றப்பட்டது. விரைவு நடைமுறை என்று அதற்குப் பெயரிட்டார்கள். வந்தவர்களோ விண்ணப்பம் கொடுக்கவே ஆண்டுக்கணக்கில் காக்க வைக்கப்பட்டார்கள். பிறகு 2017 அக்டோபர் 1 என்று கெடு விதிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டியிருந்தது. அரசின் இலவசச் சட்ட உதவி 2014 மார்ச் இறுதியிலேயே பெரும்பாலானோருக்கு நிறுத்தப்பட்டிருந்தது.

குடிவரவுத் துறையால் நிராகரிக்கப்பட்டவரை நேரில் அழைத்துக் கேட்கும் கடமை ஆணையத்துக்கு இருக்கவில்லை. கோப்பைப் படித்து முடிவு எழுதினார்கள். முதல் நேர்காணலில் விடுபட்டதைப் பின்னால் சொன்னால், விதிவிலக்கான சூழ்நிலை என்று நிரூபித்தாலொழிய ஏற்கவில்லை. சித்திரவதைக்கு உள்ளானவரும் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணும் முன்பின் தெரியாத அதிகாரியிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலரின் வழக்குகள் இப்படித்தான் முடிந்தன.

2023 பிப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறக்கப்பட்டது. அதை வரவேற்றோம். ஆணையம் நிராகரித்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் பிரிட்ஜிங் விசா எனும் இடைக்கால விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். சிலருக்கு வேலை அனுமதி இல்லை. சிலருக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இல்லை. இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளிடம் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் கேட்கப்படுகிறது.

விசா எந்நேரமும் பறிபோகலாம் என்ற நிலையில் இருக்கும் தொழிலாளி, சம்பளம் குறைந்தால் புகார் செய்வதில்லை. கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்பதில்லை. வேலையில் கை வெட்டுப்பட்டாலும் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த நாள் வருகிறார். இது முதலாளிக்குத் தெரியும். அந்தத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று வேலை செய்பவரின் கூலியும் இதனால் இறங்குகிறது. எனவே இது எங்கள் உறுப்பினர் அனைவரின் வழக்கு.

மக்கள் சேர்ந்து நின்றால் அரசின் முடிவு மாறும் என்பதற்குச் சான்று உண்டு. குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா, சில ஆயிரம் பேர் வாழும் ஊர். அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழ் அகதி ஒருவரின் வீட்டுக்குள் 2018 மார்ச் 5 விடியற்காலையில் எல்லைக் காவல் படையினர் புகுந்தனர். மூட்டை கட்டப் பத்து நிமிடம் கொடுத்தனர். அவரையும் மனைவியையும் குவீன்ஸ்லாந்தில் பிறந்த இரு பெண் குழந்தைகளையும் மெல்போர்ன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயினர். 2019 ஆகஸ்டில் அவர்களை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட விமானத்தை நீதிபதியின் தடையுத்தரவு டார்வினில் இறக்கியது. அதன் பிறகும் அவர்களை விடுவிக்கவில்லை. கிறிஸ்மஸ் தீவில் அடைத்தனர். 2021இல் இளைய குழந்தை இரத்தத்தில் கிருமித் தொற்றோடு பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். பிலோயிலா மக்கள் நான்கு ஆண்டுகள் ஓயவில்லை. 2022 ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

அதற்கு முன், 2016 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் நவ்ரு தீவுத் தடுப்பு முகாமிலிருந்து சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தையைத் திரும்ப அனுப்ப பிரிஸ்பேன் மருத்துவர்கள் மறுத்தபோது, தொழிற்சங்கத்தினரும் நகரத்தாரும் மருத்துவமனை வாசலில் இரவு பகலாகக் காவல் நின்றனர். குழந்தை நவ்ருவுக்கு அனுப்பப்படவில்லை.

நீதி கேட்டு 2023இல் அகதிப் பெண்கள் 22 பேர் மெல்போர்னிலிருந்து கான்பெராவுக்கு நடந்தனர். 2024 ஜூலையிலிருந்து நூறு நாட்களுக்கு மேல் மெல்போர்ன் டாக்லாண்ட்ஸில் உள்துறை அலுவலக வாசலில் அகதிகள் அமர்ந்திருந்தனர். சிறுவனாக இந்த நாட்டுக்கு வந்து, அந்தப் போராட்டத்தில் பங்கேற்ற 23 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் ஆகஸ்டில் உயிரிழந்தார். அவருடைய வழக்கும் விரைவு நடைமுறையில் நிராகரிக்கப்பட்டதே. அவருடைய குடும்பத்தாருக்கு எங்கள் இரங்கலைத் தெரிவிக்கிறோம்.

அரசு இதற்குத் தந்த பதில் 2024 நவம்பரில் வந்தது. நாடு கடத்தலுக்கு ஒத்துழைக்க மறுப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர், திரும்பிச் செல்வதற்கான தாளில் கையெழுத்திட மறுத்தால் இனிச் சிறைக்குப் போகலாம்.

விரைவு நடைமுறையில் நிராகரிக்கப்பட்ட அனைவருக்கும் நிரந்தர விசா வழங்க வேண்டும். அதுவரை எல்லாருக்கும் வேலை, கல்வி, மருத்துவ உரிமை வேண்டும். நவம்பர் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும். இக்கோரிக்கைகளைத் தத்தம் பணியிடக் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்றித் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புமாறு எல்லாத் தொழிற்சங்கக் கிளைகளையும் ஊர் அமைப்புகளையும் கேட்டுக்கொள்கிறோம்.

இவண்
செயற்குழு