மணியைத் திருப்பாதீர்கள், டைம் ஸோனைப் பாருங்கள்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் மணி தவறாகத் தெரிந்தால் பலரும் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதை மாற்றிவிடுகிறார்கள். இது வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது டைம் ஸோன்.

லினக்ஸ் உள்ளுக்குள் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தையே வைத்திருக்கும். இந்தியா என்று நாம் தேர்வு செய்தால் அதனுடன் 5.30 மணி நேரத்தைக் கூட்டித் திரையில் காட்டும். டைம் ஸோனை யூடிசியிலேயே விட்டுவிட்டு மணியை மட்டும் முன்னே தள்ளினால் திரையில் சரியாகத் தெரியும். உள்ளே நேரம் தவறாகிவிடும். காலை 10 மணிக்கு நீங்கள் அனுப்பும் இ-மெயில், பெறுபவருக்கு மாலை 3.30 என்று காட்டலாம். இன்டர்நெட் மூலம் கம்ப்யூட்டர் தானே நேரத்தைச் சரிசெய்தால், மணி மறுபடியும் பின்னால் போய்விடும்.

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் இருப்பவர் எதைத் தேர்வு செய்வது? லினக்ஸின் டைம் ஸோன் பட்டியலில் சென்னைக்குத் தனிப் பெயர் இல்லை. இந்தியா முழுமைக்கும் 'ஏசியா/கொல்கத்தா'தான். இந்திய நேரம் கிழக்கு 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. குளத்தூரில் சூரியன் உச்சிக்கு வருவது அங்கிருப்பதைவிட சுமார் 15 நிமிடம் தாமதம்தான். ஆனாலும் நாடு முழுவதும் ஒரே மணி.

டைம் ஸோன் என்பது அரசின் முடிவு. அது மாறவும் கூடும். இலங்கை 2006 ஏப்ரல் 15 அன்று நேரத்தை அரை மணி பின்னுக்கு நகர்த்தியது. 'ஏசியா/கொழும்பு' என்று வைத்திருந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு, டைம் ஸோன் பைலை அப்டேட் செய்தாலே போதுமானதாக இருந்தது. பழைய பைல்களின் நேரமும் குழம்பாது. மணியைக் கையால் திருப்பினால் இந்த வசதி கிடைக்காது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் இன்னொரு சிக்கல். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் யூடிசியாகவும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது 5.30 மணி நேரம் முன்பின்னாகும். இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் மட்டும், அந்தக் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருப்பதாக லினக்ஸுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? சிஆர்2032 என்ற சின்ன பேட்டரியை மாற்றிப் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் வங்கி இணையதளம்கூடத் திறக்க மறுக்கலாம்.

கடையில் லினக்ஸ் போட்டுத் தரும்போதே டைம் ஸோனைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நிமிட வேலைதான்.