ஒரு லட்சம் ரூபாய்க் குரல்

கிருத்திகை நாள்களில் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து எழும் கே. பி. சுந்தராம்பாளின் கணீர்க் குரல், எங்கள் மரக்காணத்து உப்பளங்கள் வரை கேட்கும். கேட்கும் பெரியவர்கள் தவறாமல் ஒரு கதை சொல்வார்கள். இருபத்தைந்து வயதில் கணவரை இழந்தார்; அன்று உடுத்த வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை; பெண் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பார்கள். கதை அங்கே முடியவில்லை என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

அவர் 1908-இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு பெற்றதாகச் சொல்வர். பின் நாடகக் குழுவில் சேர்ந்து, இலங்கை வரை சென்று பாடினார். ஒலிபெருக்கி இல்லாத காலம்! கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொந்தக் குரலே எட்ட வேண்டும். அந்த மேடையில் அவருக்கு இணையாகப் பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பா 1933-இல் மறைந்தார்.

அக்கால வழக்கப்படி அவர் மூலையில் முடங்கியிருக்கலாம். சில காலம் ஒதுங்கியும் இருந்தார். ஆனால் திரும்பி வந்தாரே, அதை ஏன் யாரும் வியந்து பேசுவதில்லை?

1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்று நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அவ்வளவு கேட்டால் தயாரிப்பாளர் ஓடிவிடுவார் என்று எண்ணியே கேட்டதாக ஒரு செய்தி உண்டு. அவர் ஓடவில்லை! படம் என்னவோ எடுபடவில்லை. அதில் மரமும் எருமையும் நன்றாக நடித்தன என்று எழுத்தாளர் கல்கி கேலி செய்தாராம். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சுந்தராம்பாள் பாடுவதை நிறுத்தவில்லை என்று அறிந்தபோது சிரிப்பு நின்றது.

1953-இல் 'ஔவையார்', 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், மறு ஆண்டே 'திருவிளையாடல்'. முதுமை நடிகையரை வீட்டுக்கு அனுப்பும் திரையுலகில், இவர் முதியவளாகவே வந்து அரங்கை நிறைத்தார். 'துணைவன்' படத்தில் பாடியதற்குத் தேசிய விருது பெற்றபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. சென்னை மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1980-இல் காலமானார்.

தோழியரே, பெற்றோரே! ஒரே பாத்தியில் உப்பு வாரினாலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதைப் பார்த்து வளர்கிறவர்கள் நாம். தன் உழைப்பின் விலையைத் தானே வாய் திறந்து சொன்ன ஒரு பெண்ணின் கதையிலிருந்து, சேலையின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமா? கணவரை இழந்த சில வாரங்களிலேயே உப்பளத்துக்குத் திரும்பும் தாய்மார் நம் ஊரில் உண்டு. வெயிலில் முன்னால் நிற்க அவர்களுக்குத் தடை இல்லை. விசேஷ வீட்டில் மட்டும் பின்னால் போய் நிற்கச் சொல்கிறோம்.

அடுத்த ஆண்டு விழாவில் சுந்தராம்பாளின் பாடலைப் பாட எங்கள் வகுப்பில் இருவர் பெயர் கொடுக்கப் போகிறோம். குத்துவிளக்கை ஏற்ற அத்தாய்மாருள் ஒருவரை அழைக்கும்படி அருட்சகோதரியரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.