பரிசீலனையில் உள்ளது: தாமதத்தின் இலக்கணம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் கணவரோ மனைவியோ அந்நாட்டில் குடியேறுவதற்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. 1952 ஆம் ஆண்டின் குடிநுழைவு மற்றும் குடியுரிமைச் சட்டமும் அதற்கு 1965 இல் வந்த திருத்தமும் அவர்களை ‘இமீடியட் ரிலேடிவ்’ என்னும் பிரிவில் வைத்துள்ளன. அந்த ஆங்கிலச் சொல் நெருக்கத்தையும் விரைவையும் ஒருங்கே சுட்ட வல்லது. சட்டம் முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டாம் பொருளுக்காகத் தம்பதியர் மாதக்கணக்கிலும், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்கின்றனர்.

வரிசையும் தாமதமும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்றவரின் துணைக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அவர்கள் எஃப்-2ஏ என்னும் பிரிவில் நிற்கின்றனர். அவ்வரிசை எந்தத் தேதி வரை நகர்ந்திருக்கிறது என்பதை வெளியுறவுத் துறை ஒவ்வொரு மாதமும் விசா அறிக்கையில் வெளியிடுகிறது. அது நீளமான வரிசையாக இருக்கலாம், ஆயினும் கண்ணுக்குத் தெரிகிற வரிசை. குடிமக்களின் துணைவருக்குச் சட்டப்படி வரிசையே இல்லை. எனவே அவர்கள் காத்திருக்கும் காலம் முழுவதும் நிருவாகத்தின் தாமதம். அதை அந்த விசா அறிக்கை காட்டுவதில்லை.

வழித்தடம் இவ்வாறு அமைகிறது. முதலில் ஐ-130 என்னும் மனு குடியுரிமை மற்றும் குடிநுழைவுச் சேவைத் துறையிடம் அளிக்கப்படுகிறது. அது ஏற்கப்பட்டதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள தேசிய விசா மையத்துக்குச் செல்கிறது. அங்கே கட்டணம், டிஎஸ்-260 படிவம், திருமணச் சான்றிதழ், காவல்துறைச் சான்று ஆகியவற்றோடு, துணையைத் தாங்கும் வருமானம் உண்டு என்பதற்கான உறுதிமொழிப் பத்திரமும் கேட்கப்படும். அவ்வருமானம் பொதுவாக வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஆவணங்கள் நிறைவுற்றபின் நேர்காணல். இந்தியாவில் வாழ்வோருக்குப் பெரும்பாலும் மும்பைத் துணைத்தூதரகத்தில். மூன்று அலுவலகங்கள், இரண்டு துறைகள், ஒரே திருமணம். ஒவ்வோர் இடத்திலும் கோப்பு தூங்கலாம். எங்கே தூங்குகிறது என்று கேட்டால் கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒன்றுதான்: ‘பரிசீலனையில் உள்ளது.’

இத்தொடரை இலக்கண நோக்கில் பார்ப்பது வீண்வேலை அன்று. இதில் பரிசீலிக்கப்படும் பொருள் உண்டு, பரிசீலிப்பவர் இல்லை. வினைமுதல் நீங்கிய இத்தகைய தொடர்களை உலகின் எல்லா அலுவலக மொழிகளும் விரும்புகின்றன. ‘கோரப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’, ‘நிலுவையில் உள்ளது’ என்று எழுதும் இந்திய அலுவலகத் தமிழும் விலக்கன்று. செய்பவர் மறையும்போது செய்யாமல் இருப்பவரும் மறைந்துவிடுகிறார். தாமதம் என்பது ஒருவர் எடுத்த முடிவாகத் தோன்றாமல், மழை பெய்யாததுபோல் ஓர் இயற்கை நிகழ்வாகத் தோன்றத் தொடங்குகிறது.

சட்டத்தின் மொழியிலேயே இதன் வேர் இருக்கிறது. குடிநுழைவு தொடர்பான மனுக்கள் 180 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2000 ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் கூறியது. தமிழில் படிக்கையில் இது கட்டளைபோல் ஒலிக்கும். காரணம், தமிழின் ‘வேண்டும்’ விருப்பத்தையும் கடமையையும் ஒருசேரச் சுமக்கும் சொல். ஆங்கில மூலத்தில் நிற்பது ‘ஷுட்’. அதுவும் ‘நாடாளுமன்றத்தின் எண்ணம்’ என்னும் முன்னுரையோடு நிற்கிறது. கடமையைக் குறிக்கும் ‘ஷல்’ அங்கே இல்லை. 1999 இல் வந்த மற்றொரு சட்டம் தூதரகக் கட்டத்தைப் பற்றியது: தேவையான ஆவணங்கள் கிடைத்த 30 நாட்களுக்குள் குடிமக்களின் நெருங்கிய உறவினரது விசா விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது வெளியுறவுத் துறையின் கொள்கையாக இருக்கும் என்றது. இங்கே ‘ஷல்’ வருகிறது. ஆனால் அது ஆள்வது ‘கொள்கை’ என்னும் பெயரை. இவ்விரண்டும் அரசைக் கட்டுப்படுத்தும் காலக்கெடுக்கள் அல்ல என்றே நீதிமன்றங்கள் பொதுவாகப் படித்திருக்கின்றன.

அதே சட்டத்தொகுப்பு விண்ணப்பதாரரிடம் பேசும்போது தொனி மாறிவிடுகிறது. கூடுதல் சான்று கேட்டு அனுப்பப்படும் கடிதத்துக்கு அதிகபட்சம் 12 வாரங்களுக்குள் விடையளிக்க வேண்டும். தவறினால் மனு ‘கைவிடப்பட்டதாக’க் கருதி மறுக்கப்படலாம். விசா மையத்தின் அறிவிப்புக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கத் தவறியவரின் பதிவை வெளியுறவு அமைச்சர் நீக்க வேண்டும் என்கிறது 203(ஜி) பிரிவு. அங்கே இருப்பது தெளிவான ‘ஷல்’. தவறு தம் கைமீறிய காரணத்தால் நேர்ந்தது என்று இரண்டாண்டுக்குள் நிறுவினால் பதிவை மீட்கலாம் என்ற சலுகை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் அடிப்படை ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கிறது. குடும்பத்தின் ஓராண்டு மௌனம் உரிமையை அழிக்கும். அரசின் ஓராண்டு மௌனம் எதையும் மாற்றாது.

நேர்காணல் முடிந்தபின் வரும் 221(ஜி) என்னும் தாள் இந்த இலக்கணத்தின் உச்சம். விண்ணப்பதாரரிடம் அது ‘நிருவாகப் பரிசீலனை தொடர்கிறது, பொறுத்திருங்கள்’ என்று பொருள்படுகிறது. பொறுத்துப் பார்த்துச் சலித்தவர் நீதிமன்றம் சென்று, ‘முடிவெடுக்குமாறு ஆணையிடுங்கள்’ என்று கேட்டால், அரசுத் தரப்பு வேறொரு பொருளைச் சொல்கிறது: 221(ஜி) என்பது மறுப்பு, முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே தாமதம் என்று எதுவும் இல்லை. சில நீதிமன்றங்கள் இவ்வாதத்தை ஏற்றுள்ளன, சில தள்ளியுள்ளன. ஒரே தாள் வீட்டில் முற்றுப்பெறாத வினையாகவும் நீதிமன்றத்தில் முற்றாகவும் படிக்கப்படுவது சொல்விளையாட்டாக இருந்தால் ரசிக்கலாம். அதை நம்பி ஒரு குடும்பம் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் குழந்தைப்பேற்றையும் தள்ளிவைத்திருக்கிறது.

தாமதம் காலத்தை மட்டும் தின்பதில்லை. 214(பி) பிரிவின்படி, சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கேட்பவர் குடியேறும் எண்ணம் உடையவர் என்றே முதலில் கருதப்படுவார். இல்லை என்று அவர்தான் நிறுவ வேண்டும். ஐ-130 மனு நிலுவையில் உள்ள ஒருவர் அதை எவ்வாறு நிறுவுவார்? சேர்ந்து வாழக் கேட்ட விண்ணப்பமே, இடையில் இரண்டு வாரம் சென்று பார்த்துவருவதற்கும் தடையாகிறது. அங்கே ஆய்வு செய்ய இடம் கிடைத்த ஓர் இந்திய ஆய்வாளருக்கு, அங்கே துணை இருப்பதே பாதகமாகலாம். இதற்கிடையில் காவல்துறைச் சான்று காலாவதியாகும். பொதுவாக ஆறு மாதமே செல்லுபடியாகும் மருத்துவப் பரிசோதனை வீணாகும். பணம் கட்டி மறுபடி தொடங்க வேண்டும். தாமதித்தவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் மற்றொருவர்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. மெய்யான திருமணத்துக்குச் சான்றாக அலுவலர் எதிர்பார்ப்பவை கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், சேர்ந்து வாழ்ந்த முகவரி, குழந்தைகளின் பிறப்புச் சான்று போன்றவை. இவை அனைத்தும் ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடம் விளைபவை. பெற்றோர் பார்த்து முடித்த திருமணத்தில், இரு வார விடுப்பில் வந்து தாலி கட்டிச் சென்றவரிடம் இவை எங்கிருந்து வரும்? பிரித்து வைக்கும் அமைப்பே, பிரிந்திருப்பதைச் சந்தேகத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்கிறது.

போலித் திருமணங்களைத் தடுக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. போலிகள் உண்டு, அவற்றைத் தடுக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதற்கென்றே 1986 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மணமாகி இரண்டாண்டு நிறையாமல் நுழைபவருக்கு இரண்டாண்டு நிபந்தனை வதிவுரிமையே கிடைக்கும். அதன் முடிவில் திருமணம் மெய்யானது என்று மீண்டும் நிறுவ வேண்டும். மோசடிக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. இத்தனை கருவிகள் கையில் இருக்கையில், கோப்பை அலமாரியில் வைத்திருப்பது எந்தப் போலியைக் கண்டுபிடிக்கும்? ஆய்வு செய்யப்படும் கோப்புக்கும் கிடப்பில் உள்ள கோப்புக்கும் வேறுபாடு உண்டு. பாதுகாப்புச் சோதனைக்குக் கூடுதல் காலம் தேவைப்படும் சில வழக்குகளை முன்னிறுத்தி, யாரும் திறந்தே பார்க்காத பல கோப்புகளை நியாயப்படுத்த இயலாது.

நீதிமன்றத்தின் கதவு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதை 2024 ஜூன் மாதத்து முன்யோஸ் வழக்கின் தீர்ப்பு காட்டியது. வழக்கைத் தொடுத்தவர் அமெரிக்கக் குடிமகள். அவருடைய கணவர் எல் சால்வடார் நாட்டவர். நேர்காணலில் விசா மறுக்கப்பட்டபோது, சட்டவிரோதச் செயல் நோக்கம் பற்றிய பிரிவு ஒன்று மட்டுமே காரணமாகச் சுட்டப்பட்டது. வெளிநாட்டவரான துணை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பதில் குடிமகளுக்கு அடிப்படைச் சுதந்திர உரிமை ஏதும் இல்லை என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கூறியது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டனர். மணப்பதற்கு உரிமை உண்டு, மணந்தவருடன் தன் நாட்டில் வாழ்வதற்கு உரிமை இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். மறுப்புக்கே இந்நிலை என்றால், மறுப்பாகவும் ஏற்பாகவும் இல்லாத மௌனத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்று வழிகள் கற்பனையானவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 ஆம் ஆண்டுக் குடும்ப ஒன்றிணைவு ஆணை, விண்ணப்பத்தின் மீதான முடிவு ஒன்பது மாதங்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. சிக்கலான வழக்குகளில் மட்டுமே நீட்டிப்பு. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, இன்னும் கூர்மையான ஒரு வழியைக் கையாண்டது. 30 நாட்களில் விடை வராவிட்டால் அது மறுப்பாகவே கொள்ளப்படும். உடனே மேல்முறையீடு செய்யலாம். பொறுப்பான அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். நடைமுறையில் அச்சட்டம் பட்டிருக்கும் காயங்கள் அனைவரும் அறிந்தவை. எனினும் மௌனத்துக்கு ஒரு பொருளையும் அதற்கு ஓர் ஆளையும் சட்டத்தால் ஒதுக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

அமெரிக்காவே ஒருமுறை இதைச் செய்திருக்கிறது. 2000 டிசம்பரில் வந்த சட்டம், வதிவுரிமை பெற்றவர்களின் துணைவரில் மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்தோர் உள்ளே வந்து, சேர்ந்து வாழ்ந்து, வேலையும் செய்தபடி மீதிக் காலத்தைக் கழிக்க ‘வி’ விசாவை உருவாக்கியது. அச்சட்டம் நிறைவேறிய நாள்வரை மனு அளித்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தியதால் காலப்போக்கில் வழக்கொழிந்தது. அதன் அடிப்படை எண்ணம் மிக எளியது: அரசு தாமதித்தால் அத்தாமதத்தைக் குடும்பம் ஒன்றாக இருந்து கழிக்கட்டும். அவ்வெண்ணத்தைப் புதுப்பிக்கப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

இந்தியரும் தம் வீட்டுக் கதவைப் பார்ப்பது நேர்மை. இந்தியக் குடிமக்களை மணந்த வெளிநாட்டவர் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கவே, பதிவு செய்யப்பட்ட திருமணம் ஈராண்டு நிலைத்திருக்க வேண்டும். பதிவின்வழிக் குடியுரிமைக்கு ஏழாண்டு வசித்திருக்க வேண்டும். வாஷிங்டனிடம் கேட்கும் கேள்வியைப் புதுதில்லியிடமும் கேட்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருப்போர் செய்யக்கூடியவை சிலவே. ஒவ்வொரு கடிதத்தையும் தேதியோடு சேமிப்பது. பயணச்சீட்டு, தொலைபேசிப் பதிவு, பணப் பரிமாற்றம் ஆகியவற்றைத் தொடர்ந்து சான்றாக்குவது. நோய், மகப்பேறு போன்ற அவசரம் இருந்தால் விரைவு வேண்டுகோளை எழுத்தில் வைப்பது. குடிமகனான துணை தம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியே விசாரிப்பது. எதுவும் பலிக்காதபோது வழக்கறிஞரின் ஆலோசனையுடன் நீதிமன்றத்தை நாடுவது. நேரமும் பணமும் ஆங்கிலமும் உடையவருக்கே இவை எளிது என்பதையும் மறக்கலாகாது.

கேட்க வேண்டிய சீர்திருத்தமோ சிறியது. ‘ஷுட்’ என்னும் ஒரு சொல் ‘ஷல்’ ஆக வேண்டும். கெடு கடந்தால் இடைக்கால நுழைவு தானாகக் கிடைக்க வேண்டும். அரசின் தாமதத்தில் காலாவதியான ஆவணத்தை அரசின் செலவிலேயே புதுப்பிக்க வேண்டும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதும் ஒவ்வொரு தாளிலும் பரிசீலிக்கும் அலுவலகம் எது, என்ன குறைகிறது, எந்த நாளுக்குள் முடியும் என்னும் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும். அந்த மூன்றையும் எழுத இயலாத அலுவலகம் எதையும் பரிசீலிக்கவில்லை என்றே பொருள்.