குதிகாலடியில் ஒரு பெடல்

சூளகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் மாமா புலம்பினார்: “மினி டிராக்டர் வளையவே மாட்டேங்குது. பின்பக்க ஹவுசிங்கையே பிரிக்கணுமாம்.” குனிந்து பார்த்தேன். வலது குதிகாலுக்கருகே இருக்கும் டிஃப் லாக் (டிஃபரென்ஷியல் பூட்டு) பெடல் பாதியிலேயே நின்றிருந்தது. மூட்டில் செம்மண் காய்ந்து கல்லாகியிருந்தது. கழுவி, கிரீஸ் வைத்து, தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங்கை மாற்றியதும் பெடல் டக்கென்று மேலே வந்தது. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலும்போது, இரு பின்சக்கரங்களையும் பூட்டி ஒரே வேகத்தில் ஓட வைப்பதுதான் அதன் வேலை. சக்கரம் நின்ற பிறகு மிதிக்கணும், நேராகப் போகணும், பிடி கிடைத்ததும் காலை எடுக்கணும். எடுத்தும் கழலாவிட்டால் பல்லில் பாரம் நிற்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங்கை இருபக்கமும் லேசாக ஒடித்து மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். பூட்டோடு தார்ச்சாலையில் திருப்பினால் டயர் தேயும், பல்சக்கரமே உடையலாம். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டை உருட்டிவிட்ட ஊர், பக்கத்திலிருக்கும் ஓசூர். வண்டி செய்யத் தெரிந்த ஊரில் சொல்லித்தர ஆளில்லை என்பதுதான் குறை. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்துச் சாவி தருகிற டிராக்டர் விற்பனையாளர்கள் அந்தப் பெடலுக்கும் பத்து நிமிஷம் ஒதுக்கட்டும்.