மீன் பிடிப்பவரே நீரின் காவலர்

நீலகிரி ஓடைகளில் ட்ரௌட் என்னும் மீனை வளர்க்க 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் முயன்று தோற்றார். பிற்காலத்தில் வில்சன் என்பவர் அதில் வெற்றி கண்டார். 1907-ஆம் ஆண்டு அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையமும் அமைந்தது. இம்மீனுக்குக் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீர் வேண்டும். கழிவு கலந்தால் பிழைக்காது. இதைப் பிடிப்பவர்கள் மண்புழுவைக் கோர்ப்பதில்லை. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டி, பூச்சியைப்போல் செய்து நீர்மேல் வீசுகிறார்கள். பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவோரும் உண்டு.

"உத்திரமேரூர் வெயிலில் இந்த மீனுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். மீன் வர வேண்டாம். அதைப் பிடிப்போர் சிலருடைய துணிவு இங்கு வந்தால் போதும் என்கிறோம்.

இங்கிலாந்தில் டெர்வென்ட் என்றோர் ஆறு உண்டு. அதன் மேற்பகுதி ட்ரௌட், கிரேலிங் மீன்களுக்குப் பெயர் பெற்றது. கீழே டெர்பி நகரருகே சாக்கடையும் ஆலையின் சுடுநீர்க் கழிவும் கலந்து மீன்கள் மடிந்தன. தூண்டில் போடுவோர் சங்கம் ஒன்று நகராட்சி மீதும் ஆலை மீதும் வழக்குத் தொடுத்தது. அதில் வென்றது, மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. வெறும் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணுவது, அங்கே ஆற்றுக்காக வாதாடியது!

நமக்கு இது புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறித்த கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த அறுவர் ஏரியைக் கவனித்தனர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது. ஏரி மீனால் வந்த வருமானத்தை ஏரிப் பராமரிப்புக்கே செலவிட்ட வழக்கமும் பழந்தமிழகத்தில் இருந்தது.

ஆகவே எங்கள் கருத்து இதுவே. ஏரி மீன் குத்தகைப் பணம் அந்த ஏரியின் கரைக்கும் மதகுக்குமே செல்ல வேண்டும். அதன் கணக்கை ஊரார் முன் படிக்க வேண்டும். "வலை வீசிப் பிழைக்கும் ஏழைக்குக் காவல் வேலையும் எதற்கு?" என்பர் சிலர். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டவரே வழக்காடினார் என்றால், விராலையும் கெண்டையையும் விற்று அடுப்பு மூட்டுபவருக்கு அந்த உரிமை இன்னும் அதிகமன்றோ? சாக்கடை கலப்பதை முதலில் அறிபவரும் அவரே. அவர் சொல்லை ஊர் கேட்க வேண்டும்.

அன்றைய வாரியத்தில் உறுப்பினராக 35 வயது நிறைய வேண்டும். இன்றோ 18 வயதில் வாக்காளராகி, கிராம சபையில் பேசலாம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் எங்களுக்கு இன்னும் மூன்றே ஆண்டுகள். அன்று எங்கள் முதற்கேள்வி, ஏரிக் கணக்கு எங்கே என்பதாகவே இருக்கும்.