கோச்சி வராத ஊரில் இருந்து

பருத்தித்துறைக்குக் கோச்சி, அதாவது ரயில், வந்ததே இல்லை. கொடிகாமத்துக்கு பஸ் பிடித்துப் போய்த்தான் ஏற வேண்டும். ஆனால் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் வடமராட்சியில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 'மலாயன் பென்சனியர்' வீடு என்றால் தனி மதிப்பு.

ரயில்வே தன் ஆட்களை மறக்காத இடங்களும் உண்டு. லண்டன் பாடிங்டன் நிலையத்தின் முதலாம் மேடையில் ஒரு வெண்கலச் சிப்பாய் கடிதம் வாசித்தபடி நிற்கிறான். முதல் உலகப் போருக்குப் போய் மாண்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஊழியர்களுக்காக 1922 நவம்பர் 11இல் திறந்த சிலை. 2,500க்கு மேற்பட்ட பெயர்களை எழுதிப் பேழையில் அடைத்துப் பீடத்துக்குள் வைத்தார்கள். யார்க் நகரில் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேக்காகக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுச் சின்னத்தில் 2,236 பெயர்களைக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். சம்பளப் பட்டியல் வைத்திருந்த கம்பெனிகள், செத்தவனையும் பட்டியலில் இருந்து விட்டுவிடவில்லை.

சயாம் - பர்மா ரயில் பாதையில் நடந்தது வேறு. 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர். கைதிகளான நேச நாட்டுச் சிப்பாய்கள் 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகளின் சாவு 90,000 அளவில் என்பது வழக்கமான மதிப்பீடு. அவர்களில் பெருந்தொகையினர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர். கொலராதான் கூட்டங்கூட்டமாக அள்ளிக்கொண்டு போனது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் சிப்பாய்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல் வெட்டிப் பராமரித்தபடி. கூலிகளுக்கும் சேர்த்து 1944இல் ஜப்பானியரே எழுப்பிய தூணில் தமிழிலும் சில வரி உண்டு. கொன்றவன் வைத்த கல்லை நினைவுச் சின்னம் என்று ஒப்ப எனக்கு மனமில்லை. தமிழர்கள் அங்கே தாங்களாக நடுகல் நட்டது 2023இல்தான்.

நடுகல் என்றால் அதில் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல்லில்கூட, ஆகோளில் மாண்ட அந்தவன் என்பவனின் பெயர் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தி மாடு கவரும் சண்டையில் செத்தவனுக்குக் கிடைத்தது, எண்பது ஆண்டுக்கு முந்திச் செத்தவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லை.

அந்தக் கூலிகளின் பெயர்கள் ஒருகாலத்தில் எழுத்தில் இருந்தன. தோட்டத்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தினமும் பேர் போட்ட கிராணிமாரில் எங்கள் யாழ்ப்பாணத்தாரும் இருந்தார்கள். மலாயாவில் இருந்து வந்த றங்குப் பெட்டி இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பழைய கொப்பிகளைக் கறையான் தின்னுமுன் ஒருக்கால் புரட்டிப் பாருங்கோ. 1942, 43 என்று திகதியிட்ட பக்கங்களை முதலில் பாருங்கோ.